கணக்கில் வராத மீன்

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன், தம்பி. கனடாவில் கண்மூடிய அம்மம்மா கடைசிவரை "எங்கட ஊர் முகத்துவாரம், கடற்கரைக் கிராமம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் வரைபடத்தைத் திறந்து பார்த்தால் துறைமுகமும் களஞ்சியங்களும் மாடிக் கட்டடங்களும்தான் தெரிகின்றன. கொழும்பு மாநகரத்துக்குள் கிராமம் எப்படி இருக்கும், அடுத்த தை மாதம் வந்தால் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்குமா என்று கேட்கிறீர்கள். வழி மட்டும் தெரிந்தால் போதுமென்றால் மட்டக்குளி பஸ்ஸில் ஏறுங்கள் என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். ஆனால் தபால் இலக்கம் கொழும்பு 15 என்று இருக்கிற ஓர் இடத்தை அந்த மனுஷி ஏன் கிராமம் என்றார் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் மீனவன் இல்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தேன். கடலுக்கு மூன்று தடவைதான் போயிருக்கிறேன், மூன்று தடவையும் வாந்தி. ஆகவே வலை, நீரோட்டம் பற்றி நான் சொல்வது கேட்டறிந்தது. கடன், பங்கு, சந்தா, சண்டை பற்றிச் சொல்வது என் கையால் கூட்டிக் கழித்தது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

இடம் இதுதான். களனி கங்கை மலைநாட்டில் சிவனொளிபாத மலைப் பக்கம் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடி வந்து கொழும்பின் வடக்கு முனையில் கடலில் விழுகிறது. விழுகிற அந்த வாய்க்குத் தெற்கே மட்டக்குளி, காக்கைதீவு, அப்புறம் முகத்துவாரம், அதற்கும் தெற்கே துறைமுகம். ஆற்றின் அக்கரை வத்தளை, ஹெந்தளைப் பக்கம். தமிழில் முகத்துவாரம் என்றாலும் சிங்களத்தில் மோதர என்றாலும் ஆற்றின் வாய்தான், இதில் சந்தேகமில்லை. ஆங்கிலத்தில் எழுதுகிற 'மட்வால்' எங்கிருந்து வந்தது என்பதில்தான் பிரச்சினை. முகத்துவாரம் திரிந்து அப்படி ஆனது என்று நம்மவர்கள் சொல்வார்கள், முவதொர என்ற சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்று சிங்களவர்கள் சொல்வார்கள். எனக்குத் தமிழ்ப் பக்கம் சாய்வு உண்டு. அது பாசம், சான்று அல்ல. காக்கைதீவு என்று தேடும்போது கவனம், யாழ்ப்பாணத்திலும் அதே பெயரில் ஒரு கரை இருக்கிறது. போன வருடம் ஒருவர் அந்தப் படங்களைக் காட்டி "இதுதானே எங்கட இடம்?" என்று என்னைக் கேட்டார்.

அம்மம்மாவின் அம்மா காலத்துக்கும் முன்னால் இது பணக்காரக் கரை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்கார அதிகாரிகளும் பெரிய குடும்பங்களும் கடல் காற்றுக்காக இங்கே வீடு கட்டினார்கள். விஸ்ட் பங்களா, ரொக் ஹவுஸ், எலி ஹவுஸ் என்ற பெயர்கள் இன்னும் ஒழுங்கைகளிலும் தெருக்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. (எலி ஹவுஸ் என்றால் எலி வீடு என்று நினைத்து நாங்கள் சின்ன வயதில் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல.) இப்போது கல்கிசையில் இருக்கிற சென் தோமஸ் கல்லூரியை 1851-இல் ஆங்கிலிக்கன் பேராயர் ஜேம்ஸ் சப்மன் தொடங்கியது இந்த முகத்துவாரத்தில்தான். நாட்டின் முதல் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க படித்ததும் இங்கேதான். பிறகு துறைமுகம் வளர்ந்தது. 1875-இல் வேல்ஸ் இளவரசர் வந்து தென்மேற்கு அலைதடுப்புக்கு அடிக்கல் நாட்டினார், அதைத் தொடர்ந்து வடக்குப் பக்கமும் கட்டினார்கள். நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றி இறக்கிய தூசு வகுப்பறைக்குள் வந்தது. கல்லூரி 1918-இல் கல்கிசைக்குப் போய்விட்டது. பெரிய வீட்டுக்காரர்களும் நல்ல காற்றைத் தேடி ஒவ்வொருவராகத் தெற்கே நகர்ந்தார்கள். வேறு போக்கிடம் இல்லாதவர்களும், கடலை விட்டால் தொழில் இல்லாதவர்களும் தங்கினார்கள். உங்கள் ஆட்கள் அந்த இரண்டாவது வகை.

அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் வெளிநாட்டிலிருந்து வருகிற பேரப்பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது. தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர்கள் 1530-களில் போர்த்துக்கீசர் காலத்தில் கத்தோலிக்கர் ஆனார்கள் என்பதும், அந்தக் கரையோடு கொழும்புக்கு நீண்ட காலப் போக்குவரத்து இருந்தது என்பதும் உறுதியானவை. இலங்கைக் குடிசன மதிப்பீட்டில் பரதர் என்ற தனி வகையே இருக்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட குடும்பம் தூத்துக்குடியா, மன்னாரா, நீர்கொழும்பா, சிலாபமா என்பதைப் பெயரை வைத்துச் சொல்லவே முடியாது. பெர்னாண்டோ, பெரேரா, டி சில்வா எல்லாம் சிங்கள வீட்டிலும் இருக்கும், தமிழ் வீட்டிலும் இருக்கும். நான் கணக்குப் பார்க்கப் போன ஒரு வீட்டில் பாட்டி தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார். மகன் வலையில் இருந்து இரண்டு மொழியிலும் கத்துவார். பேரன் சிங்களப் பள்ளிக்கூடத்துக்குப் போவான். அவர்கள் எந்த இனம் என்று கேட்டால் படிவத்தில் எதை எழுதினார்களோ அதுதான். பக்கத்து முடுக்கில் இந்துக் குடும்பங்கள், அடுத்ததில் முஸ்லிம்கள், சிங்களப் பௌத்தர்கள். கொழும்பு வடக்கில் எந்த ஓர் இனமும் 'இது எங்கள் ஊர்' என்று தனியாகச் சொல்ல முடியாது. முகத்துவாரம் காளி கோயிலில் போய்ப் பாருங்கள், நேர்த்தி வைக்கவும் சத்தியம் செய்யவும் சிங்களவர்கள் வந்து நிற்பார்கள். கொச்சிக்கடை அந்தோனியாரிடம் இந்துக்கள் செவ்வாய்க்கிழமை போவது போலத்தான் இதுவும்.

சரி, தொழிலுக்கு வருவோம். இங்கே 'தொழில்' என்றால் மீன்பிடிதான், வேறு எதையும் அப்படிச் சொல்வதில்லை. "இண்டைக்குத் தொழில் இல்லை" என்றால் கடலுக்குப் போனோம், ஒன்றும் படவில்லை என்று பொருள். படகுகளில் இரண்டு உலகம் உண்டு. துறைமுகப் பக்கம் கட்டி நிற்கிற பல நாள் படகுகள் ஐஸ் ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகும். அது முதலாளிகளின் உலகம். அம்மம்மா அறிந்த உலகம் கரையில் இழுத்து வைக்கிற சின்னப் படகுகள். அவர் சிறுமியாக இருந்தபோது மரத்தில் செய்த ஓரு என்கிற தோணியும் தெப்பமும் இருந்திருக்கும். இப்போது கண்ணாடி இழைப் படகு, பின்னால் மாட்டுகிற மண்ணெண்ணெய் இயந்திரம், இரண்டு பேர், சிலவேளை மூன்று. பின்னேரம் அல்லது விடியப்புறம் போய் வலை விட்டுக் காலையில் வருவார்கள். சூடை, கும்பளா, பாரை, காலம் வாய்த்தால் அறக்குளா. ஆறு கலக்கிற இடம் என்பதால் இறாலும் உண்டு.

பங்கு பிரிப்பதை உதாரணமாகக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒரு நாள் மீன் 30,000 ரூபாய்க்குப் போனது என்று வையுங்கள். மண்ணெண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவு 8,000. மிச்சம் 22,000. பொதுவாக அதில் பாதி படகுக்கு, அதாவது படகும் இயந்திரமும் வலையும் வைத்திருப்பவருக்கு 11,000. மற்றப் பாதி தொழிலுக்குப் போன ஆட்களுக்கு. இரண்டு பேர் என்றால் தலைக்கு 5,500. சொந்தக்காரரே கடலுக்குப் போனால் படகுப் பங்கோடு ஆள் பங்கும் அவருக்கு வரும். ஒன்றும் படாத நாளில் செலவு மட்டும் நிற்கும், அது அடுத்த நாள் கணக்கில் முதலில் கழியும். மாதச் சம்பளம் என்ற ஒன்று இல்லவே இல்லை. கடல் கொடுத்தால் இருவருக்கும், கொடுக்காவிட்டால் இருவருக்கும் இல்லை. வங்கியில் கடன் கேட்டுப் போகிற தொழிலாளியிடம் சம்பளச் சீட்டு கேட்பார்கள். அவர் என்னத்தைக் காட்டுவார்?

இங்கேதான் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு பாடம் படித்தேன். ஒரு சங்கத்தின் விற்பனைப் புத்தகத்தையும் கரையில் இறங்குகிற மீனையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று காலை ஐந்தரைக்குப் போய் நின்றேன். ஒரு படகில் ஆறு கூடை இறங்கியதை என் கண்ணால் எண்ணினேன். ஏலத்துக்கு வந்தது நாலரைக் கூடை. எனக்கு ஒரே சந்தோஷம், களவைப் பிடித்துவிட்டேன் என்று. சங்கச் செயலாளர் எழுபது வயது மனிதர். "மிச்சம் ஒண்டரைக் கூடை எங்கே, ஐயா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். படகை மணலில் இழுக்கக் கை கொடுத்த நாலு பையன்களின் கையில் ஆளுக்கொரு மீன். கடலுக்குப் போன இரண்டு பேரின் வீட்டுக்கும் கறிக்கு எடுத்த பை. கால் முறிந்து ஆறு மாதமாகப் படுத்திருந்த ஒருவரின் மனைவி வெறும் சட்டியோடு வந்து நின்றார், யாரும் எதுவும் பேசவில்லை, சட்டி நிறைந்தது. பிறகு ஒரு விதவை. பிறகு கோயிலடியில் இருக்கிற மனநிலை சரியில்லாத ஒருவர். கடைசியில் பூனைகள். "இதை எந்தப் பக்கத்தில எழுதச் சொல்றீங்க, தம்பி?" என்று கேட்டார். வரவிலா செலவிலா என்று எனக்கும் தெரியவில்லை. அடுத்த இருபத்தைந்து வருடமும் நான் எந்தப் புத்தகத்திலும் அந்த ஒன்றரைக் கூடையைத் தேடவில்லை.

கிராமம் எப்படி மாநகரத்துக்குள் இருக்கும் என்று கேட்டீர்களே, என் கணக்கில் அந்த ஒன்றரைக் கூடைதான் கிராமம். பக்கத்து ஒழுங்கையில் யார் வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தால்தான் அப்படிப் பிரிக்க முடியும். பிரிப்பவருக்கும் நாளைக்கு அந்த நிலை வரும் என்பது தெரிந்திருப்பதால்தான் பிரிக்கிறார்கள். இதை நான் புனிதமாக்கவில்லை. அதே கரையில் வலை அறுத்ததற்கு மண்டை உடைந்த கதைகளும் உண்டு, சங்கப் பணத்தைத் தின்றவர்களும் உண்டு. சாராயத்தில் போன பங்குகளைக் கூட்டினால் இன்னொரு துறைமுகம் கட்டலாம்.

அடுத்தது காலம். இங்கே வருடத்தைக் காற்றை வைத்துத்தான் எண்ணுவார்கள். வைகாசிக்குப் பிறகு தென்மேல் பருவக்காற்று பிடித்தால் புரட்டாதி வரைக்கும் மேற்குக் கரை கொந்தளிப்பு. கச்சான் காற்று என்பார்கள். (கனடாவில் கச்சான் என்றால் உங்களுக்கு வறுத்த கடலைதான் ஞாபகம் வரும், இது வேறு.) அந்த மாதங்களில் பல நாட்கள் படகு கரையிலேயே கிடக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து ஆட்கள் பலர் வலையைக் கட்டிக்கொண்டு முல்லைத்தீவு, திருகோணமலை என்று கிழக்குக் கரையில் வாடி (தற்காலிகக் குடில்) போடப் போய்விடுவார்கள். முகத்துவாரத்தில் கணிசமானவர்கள் போகாமல் துறைமுக நாட்கூலி, மூட்டை தூக்குதல், ஓட்டோ என்று சமாளிப்பார்கள். பட்டணத்துக்குள் இருப்பதன் ஒரே லாபம் இதுதான். கடையில் கடன் கொப்பி தடிக்கும். தோடு அடகுக்குப் போகும். ஐப்பசிக்கு மேல் கடல் இறங்கியதும் தோடு திரும்பி வரும், அல்லது வராது.

எனக்கு இன்றைக்கும் விளங்காத ஒரு சங்கதி, பெரிய திருநாள்கள் எல்லாம் அந்தப் பஞ்ச காலத்தில்தான் விழுகின்றன. கொச்சிக்கடை அந்தோனியார் ஆனி 13. யாகப்பர் திருநாள் ஆடி 25. (நான் சொல்வது ஆங்கில மாதக் கணக்கு, யூன், யூலை. இங்கே நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) செபதேயுவின் மகன் யாகப்பரே ஒரு மீனவர், முகத்துவாரத்தில் அவருக்குக் கோயிலும் இருக்கிறது. அம்மன் கோயில்களுக்கும் ஆடிதான். கையில் காசில்லாத மாதத்தில் கொடியேற்றம், சுருவம் (புனிதரின் சிலை) தூக்குதல், விருந்தாளிகள், புதுச் சட்டை. இது நாட்காட்டியின் தற்செயல் என்பதுதான் நேர்மையான பதில், அந்தத் தேதிகளை இந்தக் கரையைக் கேட்டு வைக்கவில்லை. ஆனாலும் ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருக்கிற மாதங்கள் அவைதானே. தை, மாசியில் திருநாள் வைத்திருந்தால் சுருவம் தூக்க ஆள் கிடைத்திருக்காது. சங்கத்தில் அதிகம் கடன் கேட்டு எழுதுவதும் யூன் மாதம்தான், காரணம் என்ற இடத்தில் 'வலை திருத்த' என்று இருக்கும். எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பெண்களைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது, அவர்கள் கணக்கு என் புத்தகத்தில் வந்ததே இல்லை. சங்க அங்கத்துவம் பெரும்பாலும் ஆண்கள் பெயரில். ஆனால் சீட்டுப் பிடிப்பது, கருவாடு போடுவது, கடைக்காரனோடு தவணை பேசுவது, கணவன் பங்கை வீட்டுக்குக் கொண்டுவரும் முன் கரையிலேயே போய் வாங்கிக்கொள்வது எல்லாம் அவர்கள்தான். ஒரு படகு வாங்கிய கதையை நோண்டினால் பாதிக் கதை யாரோ ஒரு மாமியின் சீட்டுக் காசில் முடியும். அப்புறம் மரண உதவிச் சங்கம். மாதம் ஒரு சின்னச் சந்தா. சாவு விழுந்தால் பந்தல், கதிரை, பிளேன்டீ, பெட்டிக் காசு எல்லாம் சங்கப் பொறுப்பு. ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடி ஏறும். நான் பார்த்த வரையில் அன்றைக்குப் பக்கத்துப் படகுகள் கடலுக்குப் போவதில்லை. கடனை அடைக்காதவர்களைக் கண்டிருக்கிறேன், மரணச் சங்கச் சந்தாவைத் தவறவிட்டவர்கள் மிகக் குறைவு.

இனி, கடந்த சில வருடங்களில் நடந்தவை. 2020 ஐப்பசியில் பேலியகொடை மத்திய மீன் சந்தையில் கொரோனாக் கொத்தணி வெடித்தது. ஒரே இரவில் கொழும்பில் மீன் வாங்க ஆளில்லை. மீனால் நோய் பரவாது என்று காட்ட முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் செய்தியாளர்கள் முன்னால் பச்சை மீனைக் கடித்துத் தின்றார். சிரிப்பு வந்தது, விலை வரவில்லை. அது ஆறுவதற்குள் 2021 மே 20-ஆம் தேதி எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள், அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம், இன்னும் டன் கணக்கில் பிளாஸ்டிக் குருணை. யூன் தொடக்கத்தில் கப்பல் அமிழ்ந்தது. கரையெல்லாம் சவ்வரிசி கொட்டியது போல வெள்ளைக் குருணை, இறந்த ஆமைகள். மீன்பிடிக்குத் தடை. நாலு வருடம் கழித்து, 2025 யூலையில் உச்ச நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வேறு, கையில் வருகிற காசு வேறு என்பது கணக்குக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கிடையில் 2022. எரிபொருள் வரிசை. அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. ஒரு பயணத்துக்கு 20 லீற்றர் என்று வைத்தால் 1,740 ரூபாய்ச் செலவு 6,800 ஆனது. மேலே போட்ட பங்குக் கணக்கில் இதை வைத்துப் பாருங்கள். வெறும் கையோடு திரும்பினால் எவ்வளவு நட்டம் என்று பார்த்துவிட்டுப் படகைத் தள்ளாமலே இருந்தவர்கள் பலர்.

கரையில் யாரிடம் பேசினாலும் துறைமுக நகரத்துக்குக் கடலில் மணல் தோண்டியதால் மீன் போய்விட்டது என்பார்கள். 2014-இல் தொடங்கி 2019-க்குள் 269 ஹெக்டேயர் நிலம் கடலில் எழுந்தது, அதற்கான மணல் கொழும்புக்கு வடக்கே கடலடியிலிருந்து வந்தது, மீனவர்கள் எதிர்த்துப் போராடினார்கள், இவை நடந்தவை. களனி ஆற்றில் வருடக்கணக்காக மணல் அள்ளியதால் கரைக்கு வரவேண்டிய மணல் குறைந்து வடக்கே கரை அரிக்கிறது என்பதும் பொறியியலாளர்கள் ஏற்றுக்கொண்ட விஷயம். ஆனால் மீன் குறைந்ததில் எவ்வளவு பங்கு தோண்டியதற்கு, எவ்வளவு ஆற்றில் வருகிற கழிவுக்கு, எவ்வளவு படகுகள் பெருகியதற்கு என்று யாராவது சதவீதம் சொன்னால் நம்பாதீர்கள். வேடிக்கை என்னவென்றால், நாட்டின் நீர்வாழ் வள ஆய்வு நிறுவனமான நாரா இருப்பது இதே காக்கைதீவில், சமுத்திரப் பல்கலைக்கழகமும் அதே இடத்தில். படகிலிருந்து பார்த்தால் இரண்டு கட்டடமும் தெரியும். உள்ளே போய்க் கேட்ட மீனவரை நான் சந்திக்கவில்லை, வெளியே வந்து கேட்டவரையும் அதிகம் சந்திக்கவில்லை.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது வீடு. 2010-க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபை கொழும்பு வடக்கில் குடிசைத் தோட்டங்களை எடுத்து, மக்களைப் பல மாடிக் கட்டடங்களுக்கு ஏற்றத் தொடங்கியது. வெள்ளம் வராத வீடு, வீட்டுக்குள் கக்கூசு, பூட்டுகிற கதவு. இதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. தோட்டத்தில் ஒரு குழாயடியில் முப்பது குடும்பம் நின்ற காலத்தை நான் கண்டவன். ஆனால் மீனவனுக்கு வீடு என்பது பாதிக் களஞ்சியம். இயந்திரத்தை இரவில் கரையில் விட்டால் காலையில் இருக்காது, கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பத்தாம் மாடிக்கா? வலை பொத்த நீளமான வெறும் தரை வேண்டும். மண்ணெண்ணெய்க் கலனை லிப்டில் ஏற்ற விடமாட்டார்கள், விடவும் கூடாது. விடியப்புறம் மூன்று மணிக்குக் கடலைக் காதால் கேட்டு இன்றைக்குப் போகலாமா என்று முடிவெடுத்தவருக்கு, அந்த உயரத்தில் காற்றின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. மாடிக்குப் போனவர்களில் கரையில் ஒரு கொட்டில் வைத்திருப்பவர்கள் தொழிலில் நீடிக்கிறார்கள். கொட்டில் கிடைக்காதவர்களின் பிள்ளைகள் உணவு கொண்டு கொடுக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். ஒருவேளை அதுதான் அவர்களுக்கு நல்லதோ என்னவோ, மாதம் முடிய கையில் ஏதோ வருகிறது. வெறும் சட்டியோடு கரைக்கு வருகிற பெண் மட்டும் பத்தாம் மாடியிலிருந்து இறங்கி வருவாரா என்று யோசிப்பேன். சிலர் வருகிறார்கள். போன கிறிஸ்மசுக்கு முன் ஒரு காலை, நான் கண்டேன்.

ஆகவே தை மாதம் வாருங்கள், அது நல்ல காலம், கடல் தட்டாக இருக்கும். ஞாயிறு வேண்டாம், கத்தோலிக்கப் படகுகள் பெரும்பாலும் போகாது. மற்ற நாளில் ஆறு மணிக்குள் கரையில் நில்லுங்கள். வெள்ளைச் சப்பாத்து போடாதீர்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள், இழப்பீட்டுக் கணக்கெடுப்பு என்றும் வீடு எடுக்கிற ஆட்கள் என்றும் பயப்படுவார்கள். பிறகு கோயிலுக்குப் போய் ஞானஸ்நானப் பதிவைக் கேளுங்கள். அம்மம்மாவின் பிறந்த வருடமும் பெற்றோர் பெயரும் ஞானத்தாய் பெயரும் இருந்தால் தேடுவது சுலபம். எந்தப் பங்கு, அதாவது எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்று தெரியாவிட்டால் முகத்துவாரம், மட்டக்குளி, கொட்டாஞ்சேனை மூன்றிலும் கேட்க வேண்டிவரும்.

ஒன்று முக்கியம். கரையில் போய் குடும்பப் பெயரைச் சொல்லி விசாரிக்காதீர்கள், பெர்னாண்டோ என்றால் பாதிக் கரை திரும்பிப் பார்க்கும். இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. சிலது மீனின் பெயர், சிலது பாட்டன் செய்த ஏதோ ஒரு கோமாளித்தனத்தின் பெயர், சிலதை இங்கே எழுத முடியாது. சங்கப் புத்தகத்திலேயே அடைப்புக்குறிக்குள் அதை எழுதித்தான் ஆளை அடையாளம் கண்டோம். உங்கள் அம்மாவிடமோ மாமாவிடமோ கேட்டுப் பாருங்கள், வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். அந்தப் பெயர் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள், நான் ஒரு நடை போய்க் கேட்டு வைக்கிறேன்.